ஊர்க்கொடைக் கணக்குக்குத் தானாகக் கூட்டும் பிடிஎஃப் படிவம்: முழுமையான வழிகாட்டி

கோயில் கொடை, அதாவது ஊர்த் திருவிழா, முடிந்து கணக்கு ஒப்படைக்கும் கூட்டத்தில் முதல் சத்தம் கூட்டலில்தான் கிளம்பும். வரி நோட்டில் ஒரு தொகை, ரசீதுக் கட்டில் ஒரு தொகை, கோயில் சுவரில் ஒட்டிய தாளில் இன்னொரு தொகை. காசை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள், நடுராத்திரி வில்லுப்பாட்டுக்கு நடுவே பந்தல்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸ் ஒரு பக்கத்தில் ஏறி இன்னொரு பக்கத்தில் ஏறாமல் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதற்காக ஒரு வருஷம் முழுக்க அலைந்து வரி பிரித்த மனுஷன் ஊர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது பொறுக்கவே மாட்டேன் என்கிறது.

அம்பாசமுத்திரம் பக்கமோ நாங்குநேரி பக்கமோ ராதாபுரம் பக்கமோ, எந்த ஊர்க் கொடையானாலும் கணக்கின் அமைப்பு ஒன்றுதான்: குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரி, நன்கொடை, செலவு, மீதி. இந்த நான்கையும் ஒரே பிடிஎஃப் கோப்பில் வைத்து, எண்ணைத் தட்டினால் மொத்தம் தானாக மாறும்படி செய்வதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடக் கட்டணம், மகளிர் குழு வரவு செலவு, கடை பில் என்று எதற்கும் இதே வழி பொருந்தும்.

எக்செல்லில் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளும் கணக்குக்கு எக்செல் தாராளமாகப் போதும். ஆனால் ஊர்க்கணக்கு கை மாறும், ஒவ்வொரு வருஷமும் பொருளாளர் மாறுவார். யாராவது ஃபார்முலா இருக்கும் கட்டத்தின் மேலேயே எண்ணைத் தட்டிவிட்டால் கூட்டல் செத்துவிடும், யாருக்கும் தெரியவும் தெரியாது. பிடிஎஃப் படிவத்தில் மொத்தக் கட்டத்தைப் பூட்டி வைக்கலாம். தவிர வீட்டில் பார்த்ததும் ஜெராக்ஸ் கடையில் அச்சானதும் ஒரே மாதிரி இருக்கும், கட்டம் உடைந்து இரண்டாம் பக்கத்துக்கு ஓடாது.

முதலில் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

நிரப்பக்கூடிய பிடிஎஃப்பில் இரண்டு வகை உண்டு, இதைத் தெரியாமல் ஆரம்பித்தால் வேலை பாதியில் நிற்கும். ஒன்று ஆக்ரோஃபார்ம். 1996ல் பிடிஎஃப் 1.2 பதிப்போடு வந்தது, பக்கம் அசையாமல் இருக்கும், அதன் மேல் கட்டங்கள் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று எக்ஸ்எஃப்ஏ. 2003ல் பிடிஎஃப் 1.5ல் சேர்ந்தது. இதில் அட்டவணை உண்மையிலேயே வளரும்: ‘வரிசை சேர்’ என்ற பொத்தானை அமுக்கினால் புது வரிசை முளைத்து, கீழே இருப்பதெல்லாம் இறங்கி, தேவைப்பட்டால் புதுப் பக்கமே உண்டாகும்.

கேட்க எக்ஸ்எஃப்ஏதான் சரி என்று தோன்றும். ஆனால் அதை அடோபி நிறுவனத்தின் கணினி ரீடரைத் தவிர மற்ற பல செயலிகளில் திறந்தால் படிவமே வராது, ‘ப்ளீஸ் வெயிட்’ என்று ஆரம்பிக்கும் ஒரு பக்க ஆங்கில அறிவிப்புதான் வரும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் பழைய படிவங்களை ஃபோனில் திறக்க முயன்றவர்களுக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். அதை உருவாக்கும் லைவ்சைக்கிள் டிசைனர் என்ற மென்பொருளை, பிடிஎஃப் செய்ய அடோபி விற்கும் ஆக்ரோபேட்டின் 10ஆம் பதிப்பு வரை கூடவே கொடுத்தார்கள், 11லிருந்து கொடுப்பதில்லை. 2017ல் வந்த பிடிஎஃப் 2.0 தரநிலை எக்ஸ்எஃப்ஏவைக் கைவிட வேண்டியதாகவே குறித்துவிட்டது. ஊர்க்காரர்களில் பாதிப் பேர் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் ஃபோனில்தான் பார்க்கப் போகிறார்கள், அதனால் ஆக்ரோஃபார்மையே எடுங்கள். வரிசை போதாமல் போனால் என்ன செய்வது என்பதற்குப் பின்னால் வழி சொல்கிறேன்.

அலுவலகத்தில் எல்லாருடைய கணினியிலும் அடோபி ரீடர்தான் இருக்கிறது, உங்கள் கையில் டிசைனரும் இருக்கிறது என்றால் எக்ஸ்எஃப்ஏவில் செய்யலாம். பக்கத்தின் உள்ளடக்க வகையை ‘ஃப்ளோட்’ என்று மாற்றி, அட்டவணையின் வரிசையைத் தேர்ந்து, ஒவ்வொரு தரவுக்கும் வரிசை திரும்ப வரட்டும் என்ற குறியைப் போட்டு, டைனமிக் எக்ஸ்எம்எல் ஃபார்ம் என்ற வகையில் சேமிக்க வேண்டும். மூன்றில் ஒன்று விட்டாலும் வரிசை வளராது. இதற்கு மேல் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

தாளில் வரையுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு ஏ4 தாளில் பென்சிலால் கட்டம் போடுங்கள். எனக்குச் சரியாக வரும் அமைப்பு இது. மேலே கோயில் பெயர், கொடை நடந்த மாதம், வருஷம், பக்கத்திலேயே ‘முழுத் தலைக்கட்டு வரி’ என்று ஒரே ஒரு கட்டம். ஊர்க்கூட்டத்தில் முடிவான தொகையை அங்கே தட்டினால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து ஓடும்.

அதற்குக் கீழே வரி அட்டவணை. முழுத் தலைக்கட்டு, பாதி வரி கட்டும் அரைத் தலைக்கட்டு, இரண்டே வரிசை. நெடுக்கில் எண்ணிக்கை, வீதம், தொகை. அடுத்தது நன்கொடை அட்டவணை: பெயர், ரொக்கம், வங்கி. மூன்றாவது செலவு அட்டவணை: தேதி, இனம், யாரிடம் கொடுத்தது, ரொக்கம், வங்கி. கடைசியில் சுருக்கம்: மொத்த வரவு, மொத்தச் செலவு, மீதி, அதில் கையில் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு.

ரொக்கத்துக்கும் வங்கிக்கும் தனித்தனி நெடுக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ‘எப்படி வந்தது’ என்று ஒரு கட்டம் வைத்து அதில் ரொக்கம், ஜிபே என்று எழுத வைத்தால், ஜிபேயில் வந்ததை மட்டும் கூட்ட ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், எழுத வேண்டியிருக்கும். இரண்டு நெடுக்காகப் பிரித்துவிட்டால் நேரான கூட்டல் போதும், மெனுவிலேயே முடிந்துவிடும். பழைய கடைக் கணக்குப் பிள்ளைகள் நோட்டில் போட்ட கோடும் இதுதான். அமைப்பைச் சரியாக யோசித்தால் ஸ்கிரிப்ட் வேலையில் முக்கால்வாசி குறையும், பிடிஎஃப் படிவத்தில் நான் முதலில் சொல்வது எப்போதும் இதைத்தான்.

பக்கத்தைத் தயார் செய்வது

லிப்ரேஆபீஸ் ரைட்டரிலோ வேர்டிலோ தலைப்புகளும் கட்டக் கோடுகளும் மட்டும் போட்டு, உள்ளே காலியாக விட்டு, பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். தலைப்புகளை யூனிகோடில் அடியுங்கள். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் அச்சில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். ஆக்ரோபேட் பக்கத்திலிருக்கும் தலைப்பைப் பார்த்துத் தானாகப் பெயர் வைக்கும்போது புரியாத எழுத்துக் குப்பையாக வைக்கும், பின்னால் தேடவும் முடியாது.

‘ரூ.’ என்பதைத் தலைப்பிலேயே அச்சாகப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வர வேண்டியதில்லை.

கட்டங்களை வைப்பதும் பெயர் சூட்டுவதும்

ஆக்ரோபேட் ப்ரோவில் கோப்பைத் திறந்து ‘ப்ரிப்பேர் எ ஃபார்ம்’ கருவியை எடுங்கள். கட்டங்களைத் தானாகக் கண்டுபிடிக்கவா என்று கேட்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது கோட்டையெல்லாம் கட்டம் என்று எடுத்து, ஒன்றைப் பெரிதாக ஒன்றைச் சின்னதாகப் போட்டுவிடும், திருத்துவதற்குள் நாமே புதிதாகப் போட்டுவிடலாம்.

பெயர்தான் இந்த வேலையின் உயிர்நாடி. கட்டங்களின் பெயர்களைக் கோப்புக்குள் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள், இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன். செலவு அட்டவணையின் ரொக்க நெடுக்கில் முதல் கட்டத்தைப் போட்டு அதற்கு ‘செலவுரொக்கம்’ என்று பெயர் கொடுங்கள். எழுத்தளவை ‘ஆட்டோ’வில் விடாமல் 10 என்று நிலையாக வையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்து ஒவ்வொரு அளவில் வரும். வலப்பக்க ஒழுங்கு வையுங்கள். ‘ஃபார்மேட்’ தாவலில் ‘நம்பர்’ என்று தேர்ந்தெடுங்கள். இப்படி வைத்தால் கட்டத்தில் எண் மட்டும்தான் ஏறும். நம் ஆட்கள் கைப்பழக்கத்தில் 2000/- என்று தட்டுவார்கள், அந்தச் சாய்கோட்டைக் கட்டம் ஏற்காது. அது நல்லதுதான். எண்ணோடு குறி சேர்ந்துவிட்டால் கூட்டல் கெட்டுவிடும்.

முதல் கட்டம் எல்லா வகையிலும் சரியாகிவிட்டது என்று தெரிந்த பிறகு, அதன் மேல் வலது சொடுக்கி ‘க்ரியேட் மல்டிபிள் காப்பீஸ்’ கொடுங்கள். கீழ்நோக்கி எத்தனை வேண்டும் என்று கேட்கும், இருபது வேண்டுமானால் 20. பிரதிகளுக்கு அதுவே புள்ளி வைத்து எண் கொடுத்துவிடும். புள்ளிக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் இருப்பது பிள்ளையின் எண். இந்த அமைப்பின் அருமை கூட்டும்போது தெரியும்.

நிறம், எழுத்துரு, எண் வடிவம் எல்லாம் பிரதி எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிரதி சரியாகக் கொண்டுபோகாது: கணக்கீடு. முதல் வரிசையில் ‘எண்ணிக்கை பெருக்கல் வீதம்’ என்று போட்டுப் பிரதி எடுத்தால், எல்லா வரிசையும் முதல் வரிசையின் எண்ணிக்கையையே பெருக்கிக்கொண்டிருக்கும். வரிசைக்கு வரிசை கணக்கு இருக்கிற அட்டவணையைச் சின்னதாகவும், வெறும் கூட்டல் மட்டும் இருக்கிற அட்டவணையைப் பெரிதாகவும் நான் அமைத்தது இதனால்தான்.

ஒரே பெயரில் இரண்டு கட்டம் வைத்தால் இரண்டும் ஒரே மதிப்பைக் காட்டும். ஒன்றில் தட்டினால் மற்றதில் தானாக ஏறும். கோயில் பெயரும் வருஷமும் முதல் பக்கத்தில் ஒரு தடவை தட்டினால் போதும், இரண்டாம் பக்கத்தின் தலையில் அதே பெயரில் கட்டம் வைத்துவிடுங்கள். இதற்குக் கணக்கீடே வேண்டாம்.

வரி அட்டவணை: வீதம் மாறினால் எல்லாம் மாற வேண்டும்

மேலே வைத்த கட்டத்துக்கு ‘முழுவீதம்’ என்று பெயர். வரி அட்டவணையின் முதல் வரிசையில் வீதம் என்ற இடத்திலும் அதே பெயரில் கட்டம் வையுங்கள், தானாக வந்துவிடும். இரண்டாவது வரிசையில் ‘அரைவீதம்’ என்று புதுக் கட்டம் வைத்து, பண்புகளில் ‘கால்குலேட்’ தாவலுக்குப் போங்கள். அங்கே மூன்று வழி இருக்கும்: ஒன்று கூட்டல், பெருக்கல், சராசரி போன்றவற்றைப் பட்டியலில் தேர்வது, அடுத்தது ‘சிம்ப்ளிஃபைட் ஃபீல்ட் நொட்டேஷன்’, கடைசியாகச் சொந்த ஸ்கிரிப்ட். இரண்டாவதைத் திறந்து, முழுவீதம் / 2 என்று எழுதினால் போதும்.

இந்த இரண்டாவது வழியில் ஒரு கண்ணி உண்டு. பெயரில் புள்ளி இருந்தால் அதற்கு முன் பின்சாய்கோடு போட வேண்டும், செலவுரொக்கம்\.0 என்பது போல. போடாவிட்டால் பெயர் என்று எடுத்துக்கொள்ளாது, கணக்கும் நடக்காது. ஆகவே சுருக்கத்தில் வரப்போகிற பெயர்களில் புள்ளியே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொகைக் கட்டத்துக்கு முதல் வழி போதும். பெருக்கல் என்று தேர்ந்து, ‘பிக்’ பொத்தானில் எண்ணிக்கையையும் வீதத்தையும் குறியிடுங்கள். எடுத்துக்காட்டாக வீதம் 2,000, முழுத் தலைக்கட்டு 125, அரைத் தலைக்கட்டு 18 என்றால் 2,50,000, 18,000 என்று தானாக வர வேண்டும், வரி மொத்தம் 2,68,000. ஊர்க்கூட்டத்தில் ‘இந்த வருஷம் இரண்டாயிரத்து ஐந்நூறு’ என்று முடிவு மாறினால் மேலே ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள், மொத்தம் 3,35,000 என்று கண்முன்னால் மாறும். கூட்டத்திலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்து, எவ்வளவு வீதம் வைத்தால் செலவுக்குக் கட்டும் என்று பார்க்கவும் இது உதவும்.

கருப்பட்டி, பத்தமடைப் பாய் என்று ஆர்டர் ஃபார்ம் போடுபவர்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. கீழிறங்கு பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘எக்ஸ்போர்ட் வேல்யூ’ என்று ஒரு மறைமதிப்பு வைக்கலாம், அங்கே விலையைப் போட்டுவிடுங்கள். பட்டியலில் கண்ணுக்குத் தெரிவது பொருளின் பெயர், கணக்குக்குப் போவது விலை. தேர்ந்தவுடனேயே மதிப்பை ஏற்றும் குறியைப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் அடுத்த கட்டத்துக்கு நகரும்வரை தொகை மாறாமல் நிற்கும். இரண்டு பொருளுக்கு ஒரே விலை இருந்தால் பட்டியல் குழம்பும், ஒன்றைத் தேர்ந்தால் இன்னொன்றைக் காட்டும். அந்த மாதிரி இடத்தில் இந்த வழி வேண்டாம், விலைக்குத் தனிக் கட்டம் வைத்துவிடுங்கள்.

மொத்தங்களும் அவை ஓடும் வரிசையும்

செலவு ரொக்க மொத்தம் என்ற கட்டத்தில் கூட்டல் என்று தேர்ந்து, இருபது பெயரையும் குறியிடுவதற்குப் பதிலாக, பெட்டியில் ‘செலவுரொக்கம்’ என்ற குடும்பப் பெயரை மட்டும் தட்டுங்கள். அதன் கீழிருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் அதுவே கூட்டிக்கொள்ளும். மொத்தக் கட்டத்துக்கு மட்டும் அந்தக் குடும்பத்தில் பெயர் வைக்கக் கூடாது, வைத்தால் தன்னையும் சேர்த்துக் கூட்டும். ‘செலவுரொக்கமொத்தம்’ என்று ஒட்டி எழுதிவிடுங்கள்.

வரியில் எவ்வளவு ஜிபேயில் வந்தது என்பதற்கு வரி மொத்தத்துக்குக் கீழே கையால் நிரப்பும் ஒரு கட்டம் வையுங்கள், ‘வரிவங்கி’. ‘வரிரொக்கம்’ என்பது வரிமொத்தம் - வரிவங்கி. பிறகு கையிருப்பு என்பது வரிரொக்கம் + நன்கொடைரொக்கமொத்தம் - செலவுரொக்கமொத்தம். வங்கி இருப்புக்கும் இதே மாதிரி. கடைசியில் மீதியை இரண்டு வழியில் கொண்டுவாருங்கள். மொத்த வரவில் மொத்தச் செலவைக் கழித்து ஒன்று, கையிருப்பையும் வங்கியிருப்பையும் கூட்டி இன்னொன்று. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஒத்துவந்தால் படிவம் சரியாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒத்துவராவிட்டால் ஏதோ ஒரு கட்டம் தப்பான பெயரைக் கூட்டுகிறது.

எல்லா மொத்தக் கட்டங்களுக்கும் ‘ரீட் ஒன்லி’ குறி கட்டாயம். இந்தப் பூட்டு இல்லாவிட்டால் எக்செல்லிலேயே வைத்திருக்கலாம்.

இப்போது பலர் தடுக்கி விழும் இடம். எண்ணைத் தட்டுகிறீர்கள், வரிசைத் தொகை மாறுகிறது, மொத்தம் பழைய தொகையிலேயே நிற்கிறது. வேறு ஏதாவது கட்டத்தில் தட்டியதும் முந்தைய தொகைக்கு வந்து சேர்கிறது, எப்போதும் ஓர் அடி பின்னால். ஃபார்முலா எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆக்ரோபேட் கணக்கீடுகளை அந்தக் கட்டங்கள் உருவான வரிசையில் ஓட்டுகிறது, நீங்கள் மொத்தத்தை முதலில் வரைந்து தொகையைப் பின்னால் வரைந்திருந்தால், மொத்தம் முதலில் கூட்டி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். ‘செட் ஃபீல்ட் கால்குலேஷன் ஆர்டர்’ என்ற பட்டியலைத் திறந்து வரிசையை மாற்றுங்கள். மேலே அரைவீதம், அடுத்து வரிசைத் தொகைகள், அடுத்து ஒவ்வோர் அட்டவணையின் மொத்தம், அடுத்து வரிரொக்கம், பிறகு கையிருப்பும் வங்கியிருப்பும், கடைசியில் இரண்டு மீதிகள். ஒன்று இன்னொன்றை நம்பியிருந்தால் அது கீழே இருக்க வேண்டும். புதிதாக ஒரு கட்டம் சேர்க்கும்போதெல்லாம் இந்தப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பூஜ்யமும் கமாவும்

இன்னும் எண் ஏறாதபோது தொகை, மொத்தக் கட்டங்களில் 0.00 என்று வரிசையாக நிற்பது பார்க்க அசிங்கமாக இருக்கும். அதைப் போக்க ஒரே ஒரு வரி ஸ்கிரிப்ட் போதும். ‘வேலிடேட்’ தாவலில் சொந்த ஸ்கிரிப்ட் பெட்டிக்குள் போட வேண்டியதை ஒலியில் எழுதுகிறேன், நீங்கள் எல்லாவற்றையும் சிறிய ஆங்கில எழுத்தில் அடியுங்கள்:

இஃப் (ஈவென்ட்.வேல்யூ == 0) ஈவென்ட்.வேல்யூ = "";

முதலில் கணக்கீடு ஓடும், பிறகு இந்தச் சரிபார்ப்பு, அதன் பிறகுதான் எண் வடிவம். நடுவிலேயே பூஜ்யத்தைக் காலியாக்கிவிடுவதால் வடிவம் கொடுக்க எதுவும் மிஞ்சாது. மீதிக் கட்டத்துக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். வரவும் செலவும் சரியாகக் கட்டியிருந்தால் அங்கே பூஜ்யம் தெரியத்தான் வேண்டும்.

கமா விஷயம் கொஞ்சம் வருத்தமானது. ஆக்ரோபேட்டின் எண் வடிவங்களில் ஆயிரத்துக்கு ஒரு கமா போடும் மேல்நாட்டு முறை இருக்கிறது, கமாவே இல்லாத முறை இருக்கிறது, லட்சத்துக்குக் கமா போடும் நம் முறை இல்லை. 2,68,000 என்பதை 268,000.00 என்று காட்டும். கோயில் சுவரில் ஒட்டிய தாளை நின்று படிக்கும் பெரியவருக்கு அது எவ்வளவு என்று சட்டென்று பிடிபடாது. ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ‘கஸ்டம் ஃபார்மேட்’ பெட்டியில் இந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள்: புள்ளிக்கு முன்னாலுள்ள எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தைத் தனியே எடு, மிச்சத்தை வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரி, நடுவில் கமா போட்டுச் சேர். இது தோற்றத்தை மட்டும்தான் மாற்றும், உள்ளே இருக்கும் மதிப்பு அப்படியே இருப்பதால் கூட்டலுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்கிரிப்ட் வேண்டாம் என்றால் கமா இல்லாத வடிவத்தை வைத்துவிடுங்கள். 268000 என்று வருவது 268,000.00ஐ விட நமக்கு எவ்வளவோ மேல்.

மீதி பூஜ்யத்துக்குக் கீழே போனால் எண்ணைச் சிவப்பில் காட்டும் வசதி அதே ‘நம்பர்’ பகுதியில் இருக்கிறது. மீதிக் கட்டங்களுக்கு அதை வைத்துவிடுங்கள், அந்த இரண்டு கட்டங்களுக்கு மட்டும் கமா ஸ்கிரிப்ட் போட வேண்டாம்.

வரிசை போதாமல் போனால்

நையாண்டி மேளம், கணியான் கூத்து, பந்தல், சீரியல் செட், பூ, பொங்கல் சாமான், சாப்பாட்டுக்கு அரிசி, காய்கறி என்று எழுதிக்கொண்டே போனால் இருபது வரிசை எந்த ஊருக்கும் போதாது. இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று மறைத்து வைத்துக் காட்டுவது. கூடுதல் வரிசைகளை முன்பே வரைந்து ‘ஹிட்டன்’ என்று வைத்து, ஒரு பொத்தானில் ‘ஷோ ஹைட் எ ஃபீல்ட்’ என்ற செயலைச் சேர்ப்பது. இதற்குக் கட்டக் கோடுகள் பக்கத்தில் அச்சாகி இருக்கக் கூடாது, கட்டத்தின் சொந்த விளிம்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெறும் கோடுகள் காத்துக்கொண்டு நிற்கும். வரிசை எண்ணும் ஒரு பூட்டிய கட்டமாக வேண்டும். பொத்தானை ‘தெரியும், அச்சாகாது’ என்ற வகையில் வையுங்கள். ஐந்து வரிசைக்கு ஐந்தைந்து கட்டம் என்றாலே இருபத்தைந்து செயல்கள் சேர்க்க வேண்டியிருக்கும். வரிசைப் பெயரைக் குடும்பமாக வைத்தால் ஒரே வரி ஸ்கிரிப்டில் முழு வரிசையும் தோன்றும், ஆனால் அப்போது நெடுக்கைக் குடும்பப் பெயரால் கூட்ட முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: தொடர்ச்சிப் பக்கம். இரண்டாம் பக்கம் முழுக்கச் செலவு அட்டவணை, அதன் தலையில் ‘முன்பக்க மொத்தம்’. முதல் பக்க மொத்தத்தின் அதே பெயரில் அந்தக் கட்டத்தை வைத்தால் தானாக ஏறிவிடும். அடியில், முன்பக்க மொத்தமும் இந்தப் பக்கத்துத் தொகைகளும் சேர்ந்த கூட்டல். இப்படிச் செய்தால் மொத்தச் செலவில் சேர்க்க வேண்டியதும் கையிருப்பிலும் வங்கியிருப்பிலும் கழிக்க வேண்டியதும் இந்த இரண்டாம் பக்க மொத்தத்தை, அந்தப் பெயரை அங்கே மாற்றிவிடுங்கள். நோட்டுக் கணக்கு எழுதிப் பழகியவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பார்த்த உடனே புரிந்துகொள்வார். அச்சில் ஒரு பக்கம் தொலைந்துபோனாலும் மற்றப் பக்கத்தில் தொகை நிற்கும்.

கட்டத்துக்குள் தமிழ்

தலைப்புகள் பக்கத்தோடு சேர்ந்த எழுத்து, எங்கே திறந்தாலும் சரியாகத்தான் வரும். கட்டத்துக்குள் நாம் தட்டும் தமிழ் வேறு விஷயம். திறக்கும் செயலியைப் பொறுத்துக் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் பிரிந்து நிற்கலாம். ‘கொடை’, ‘கோலம்’, ‘பௌர்ணமி’, ‘ஸ்ரீ’ என்ற நான்கு சொல்லையும் தட்டிப் பாருங்கள், இவை சரியாக வந்தால் மற்றதும் வரும். எழுத்துருவாக நிர்மலா யூஐ அல்லது லதாவைத் தேர்ந்து சோதியுங்கள். அப்படியும் உடைந்தால், செலவு இனத்தைத் தட்ட வைக்காமல், அடிக்கடி வரும் இனங்களை வரிசையின் அச்சுத் தலைப்பாகவே போட்டுவிடுங்கள்: பந்தல், மேளம், வில்லுப்பாட்டு, விளக்கு, பூ, சாப்பாடு. தொகையை மட்டும் நிரப்பினால் போதும் என்று ஆகிவிடும். நன்கொடையாளர் பெயர்களுக்கு மட்டும் தட்டும் கட்டம் இருக்கட்டும்.

ஆக்ரோபேட் ப்ரோ இல்லையென்றால்

ஸ்க்ரைபஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் பிடிஎஃப் கட்டங்களை வரைந்து, வலது சொடுக்கில் கட்டத்தின் பண்புகளைத் திறந்தால், ஆக்ரோபேட் போலவே வடிவம், சரிபார்ப்பு, கணக்கீடு என்று தாவல்கள் இருக்கும், கூட்டலும் பெருக்கலும் பட்டியலிலேயே கிடைக்கும். தமிழ் எழுத்து ஒழுங்காக வர 1.6 வரிசையை எடுங்கள், பழையதில் தமிழ் உடையும். லிப்ரேஆபீஸ் ரைட்டரிலும் நிரப்பும் கட்டங்களோடு பிடிஎஃப் செய்யலாம், ஆனால் கூட்டல் கணக்கீட்டை அது கொண்டுபோகாது. வெறும் விண்ணப்பப் படிவத்துக்கு அது போதும், இந்த வேலைக்குப் போதாது.

சோதித்து அனுப்புவது

படிவத்தை ஊரிடம் கொடுக்கும் முன் போன வருஷக் கணக்கை முழுசாக ஏற்றிப் பாருங்கள். பொய்யான எண்களைப் போட்டுப் பார்ப்பதை விட இது நூறு மடங்கு நல்லது. முடிவு தெரிந்த கணக்கு என்பதால் எங்கே பிசகினாலும் உடனே அகப்படும். ஏற்றி முடித்ததும் ஒரு தொகையை அழித்துப் பாருங்கள், மொத்தம் குறைய வேண்டும். வீதத்தை மாற்றிப் பாருங்கள். டேப் விசையைத் தட்டிக்கொண்டே போய்க் கட்டங்கள் இடமிருந்து வலம் ஒழுங்காக நகர்கின்றனவா என்று பாருங்கள், நகராவிட்டால் டேப் வரிசையை ‘ரோ’ முறைக்கு மாற்றுங்கள்.

நிரப்புவதைக் கணினியில் அடோபி ரீடரில் செய்யச் சொல்லுங்கள், அது இலவசம், நிரப்பியதைச் சேமிக்கவும் செய்யும். குரோமிலும் கூட்டல் ஓடும். ஆப்பிள் கணினியின் ப்ரிவியூவில் ஸ்கிரிப்ட் ஓடாது, எண் ஏறும், மொத்தம் மாறாது, அதிலிருந்து சேமித்த கோப்பை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பின் முன்னோட்டத்திலும் கணக்கு நடக்காது.

ஆகவே இரண்டு கோப்பு வையுங்கள். ஒன்று நிரப்பும் கோப்பு, பொருளாளரிடமும் தர்மகர்த்தாவிடமும் மட்டும் இருக்கட்டும். இதற்குக் கட்டுப்பாட்டுக் கடவுச்சொல் போட்டு, கட்டங்களை நிரப்ப மட்டும் அனுமதி என்று வைத்தால் அமைப்பை யாரும் கலைக்க முடியாது. இன்னொன்று ஊருக்குக் காட்டும் கோப்பு. கணக்கு முடிந்ததும் நிரப்பியதைத் திறந்து, பிரிண்டர் என்ற இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்று தேர்ந்து அச்சிட்டால், கட்டங்கள் எல்லாம் எழுத்தாக உறைந்த புதுக் கோப்பு கிடைக்கும். சில ஃபோன் செயலிகளில் நிரப்பிய கட்டம் காலியாகத் தெரியும் தொல்லை இதில் வராது. வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டியது இதைத்தான், ஃபோட்டோவாகப் போடாமல் டாக்குமென்டாக. சுவரில் ஒட்டுவதும் இதே கோப்பின் அச்சாக இருந்தால் ஃபோனில் பார்த்த மும்பைக்காரரும் சுவரில் பார்த்த ஊர்க்காரரும் ஒரே தொகையைத்தான் படிப்பார்கள்.

எதுவும் நிரப்பாத மூலக் கோப்பைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். நிரப்பியதை ‘ரீசெட்’ பொத்தானால் அழித்து அடுத்த வருஷத்துக்கு ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம், ஒரு தவறான அமுக்கலில் முடிந்த கணக்கும் போய்விடும், அதனால் அந்தப் பொத்தானை நான் படிவத்தில் வைப்பதே இல்லை. கோப்பின் பெயரில் கோயில் பெயரும் வருஷமும் வரட்டும், புதுப் பொருளாளருக்கு மூலக் கோப்பு, போன வருஷத்து உறைந்த கோப்பு, கடவுச்சொல் மூன்றையும் கணக்கு ஒப்படைக்கும் அன்றே கொடுத்துவிடுங்கள்.